சிறுவர்க்கு வினா-விடை நூல்கள் போதுமா?

பள்ளி ஆண்டு விழாக்களிலும் இலக்கிய மன்றப் போட்டிகளிலும் பரிசாக வழங்கப்பெறும் நூல்களைக் கூர்ந்து நோக்குவோர் ஓர் உண்மையை எளிதில் உணரலாம். சிறுவர்க்குரியனவாக நாம் தேர்ந்தெடுப்பவை பெரும்பாலும் இரண்டே வகையின. ஒன்று கதை நூல். மற்றொன்று 'பொது அறிவு வினா-விடை' என்னும் பெயர் தாங்கிய தொகுப்பு. கதை இன்பத்துக்கு, வினா-விடை அறிவுக்கு என்று நாமே ஒரு பாகுபாடு செய்துகொண்டு, அத்துடன் நம் கடமை முடிந்ததென அமைகின்றோம். உண்மைச் செய்திகளையே பொருளாகக் கொண்டு, கதையினும் சுவைபடப் பேசும் நூல்களும் உலகில் உள்ளன. அவற்றைத் தேடித் தேர்ந்து பிள்ளைகளின் கையில் சேர்ப்பது பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் உரிய ஒரு தனித்திறன். அத்திறன் குறித்துத் தமிழ்த் துறையினராகிய நாம் போதிய அளவு எண்ணவில்லை என்பது என் கருத்து.

குழந்தைகள் அனைவரும் கதைப் பித்தர் என்பது நம்மிடையே வேரூன்றிய நம்பிக்கை. அது முழு உண்மையன்று. கதை தொடங்கியதும் 'இது மெய்யாக நடந்ததா?' என்று கேட்டு, 'இல்லை' என்ற விடை கிடைத்ததும் முகம் திருப்பிக்கொள்ளும் பிள்ளைகளை ஆசிரியப் பணியில் இருப்போர் கண்டிருப்பர். பல்லி கூரையில் தலைகீழாக நடந்தும் விழாதது ஏன், கிணற்றில் நீர் எங்கிருந்து ஊறுகிறது, தொடர்வண்டியின் பெட்டிகளைப் பிணைப்பது எது என்பனவே அவர்தம் வேட்கை. அவ்வேட்கைக்குரிய நூல் கைக்கு எட்டாதபோது, 'இவனுக்குப் படிப்பில் நாட்டமில்லை' என்ற முத்திரையை நாம் குத்திவிடுகிறோம். பாடநூலன்றி வேறு நூலே இல்லாத வீட்டிலிருந்து, தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இம்முத்திரை பெருங்கேடு. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு வேறு வழிகள் பல உண்டு. இப்பிள்ளைக்கோ வாசிப்பு என்னும் வாயில் பத்து வயதிலேயே அடைபட்டுப் போகிறது.

இனி, நாம் பெரிதும் நம்பியிருக்கும் வினா-விடைத் தொகுப்புகளை நோக்குவோம். 'உலகின் மிக நீளமான ஆறு எது? மிகப் பெரிய பறவை எது? மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் யார்?' என்று நூற்றுக்கணக்கில் வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல்லில் விடை. போட்டித் தேர்வு எழுதுவோர்க்கு இவை பயன்படும் என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு? கேள்வி அப்பிள்ளையின் உள்ளத்தில் எழுவதற்கு முன்னரே விடை அதன் வாயில் திணிக்கப்படுகிறது. பசி தோன்றுமுன் ஊட்டப்படும் உணவு உடலில் ஒட்டாது. மேலும், இன்று கைப்பேசியை எடுத்து வினவினால் இவ்விடைகள் நொடியில் வந்து நிற்கின்றன. ஒற்றைச் சொல் விடைகளை அச்சிட்டு விற்பதற்கு இருந்த கடைசி நியாயமும் இதனால் போயிற்று. ஆயினும் அவை விற்றுக்கொண்டே இருக்கின்றன; அவற்றை வாங்குவோர் பிள்ளைகள் அல்லர், நாம்.

கேள்வி முந்தியும் நூல் பிந்தியும் வந்தால் என்ன விளையும் என்பதற்குப் பறவையியல் அறிஞர் சாலிம் அலி (1896-1987) தம் இளமை பற்றி எழுதியிருப்பது நல்ல சான்று. சிறுவராக இருந்தபோது அவர் பொம்மைத் துப்பாக்கி போன்ற ஒரு காற்றுத் துப்பாக்கியால் சிட்டுக்குருவி ஒன்றைச் சுட்டு வீழ்த்தினார். எடுத்துப் பார்த்தால் அதன் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு. வழக்கமான குருவி அன்று என்று தோன்றவே, தம்மை வளர்த்த மாமா அமீருத்தீன் தயாப்ஜியிடம் காட்டினார். அவருக்கும் விளங்கவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் செயலாளராக இருந்த மில்லார்டு என்பாரிடம் சிறுவர் அனுப்பப்பட்டார். மில்லார்டு குருவியின் பெயரைச் சொன்னதோடு நிற்கவில்லை; பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த பறவைகளை ஒவ்வோர் இழுப்பறையாகத் திறந்து காட்டினார்; பறவைகளைப் பற்றிய எளிய நூல்களையும் படிக்கக் கொடுத்தார். அவற்றுள் ஒன்று 'ஈஹா' என்னும் புனைபெயரில் எழுதிய எட்வர்டு ஹாமில்டன் எய்ட்கென் இயற்றிய, பம்பாயின் வழக்கமான பறவைகளைப் பற்றிய நூல். தன் வீட்டு வேலியிலும் கூரையிலும் நாள்தோறும் காணும் பறவைகளைப் பற்றிய நூல் என்பதே அதன் சிறப்பு. 1985இல் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதியபோது, அந்தக் குருவியின் வீழ்ச்சியையே சாலிம் அலி நூலின் தலைப்பாக வைத்தார்.

இங்கே நூலைத் தேர்ந்தெடுத்தவர் மில்லார்டு. பிள்ளையின் கையில் இருந்த குருவியைப் பார்த்து அவர் நூலைத் தேர்ந்தார் என்பதே நாம் கற்க வேண்டியது. 'என்ன வயது?' என்று கேட்டு நூல் எடுத்துக் கொடுப்பது கடைக்காரர் முறை. 'எதைப் பார்த்தாய்?' என்று கேட்டு எடுத்துக் கொடுப்பது ஆசிரியர் முறை.

நன்னூலார் வகுத்த அளவுகோல்

ஒரு நூல் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று ஆராய்வதற்கு நாம் மேலை நாட்டுத் திறனாய்வாளரைத் தேடி ஓட வேண்டியதில்லை. பவணந்தியார் நூலுக்குரிய பத்து அழகுகளையும் பத்துக் குற்றங்களையும் பாயிரத்திலேயே வகுத்துள்ளார். அவற்றை இலக்கண நூலுக்கும் உரைநூலுக்கும் மட்டும் உரியன என்று நாம் வகுப்பறையில் ஒதுக்கி வைத்துவிட்டோம். சிறுவர் அறிவு நூல் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அவ்வளவுகோலால் அளந்து பாருங்கள். எத்துணைப் பொருத்தமாக அமைகிறது என்பது புலனாகும். சுருங்கச் சொல்லல் நம் வினா-விடை நூல்களில் மிகுதியாகவே உண்டு. விளங்க வைத்தல்தான் இல்லை. குற்றங்களுள் சென்று தேய்ந்திறுதல் என்பதோ சிறுவர் நூல்களில் தொற்றுநோய். முதல் இரண்டு பக்கங்களில் வண்ணப் படமும் வியப்பும். பத்தாம் பக்கத்துக்கு மேல் பெயர்களும் அளவுகளும் அடங்கிய பட்டியல். வெற்றெனத் தொடுத்தல் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

எடுத்துக்காட்டு ஒன்று கூறலாம். 'குயில் ஒரு பறவை. அது கருமை நிறமுடையது. அது இனிமையாகக் கூவும். அது கூடு கட்டாது' என்று ஒரு நூல் தொடங்குவதாகக் கொள்வோம். ஒவ்வொரு தொடரும் ஏறத்தாழச் சரியே. ஆயினும் படித்த பிள்ளை குயிலைத் தேடி வெளியே செல்லாது. மற்றொரு நூல், 'நீ கேட்கும் குக்கூ என்னும் குரல் ஆண் குயிலுடையது, பெண் குயில் கருமையாகவே இராது, பழுப்பு உடலில் வெண்புள்ளிகள் கொண்டிருக்கும், அதைப் பார்த்திருக்கிறாயா?' என்று தொடங்குகிறது. காக்கையின் கூட்டில் இடப்பட்ட குயில் முட்டை, காக்கையின் முட்டைகளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகப் பொரிந்துவிடுகிறது என்றும், அதனால் முதல் இரை யாருக்குக் கிடைக்கும் என்றும் அது தொடர்கிறது. இரண்டு நூல்களிலும் உள்ள செய்திகளின் அளவு ஏறத்தாழ ஒன்றே. இரண்டாவது நூலைப் படித்த பிள்ளை மறுநாள் மரத்தடியில் அண்ணாந்து நிற்கும். பெண் குயில் பாடுவதாகப் பாடிவைத்த நம் கவிஞர்களைப் பற்றியும் அது ஏதேனும் கேட்கக்கூடும். தமிழாசிரியர் ஆயத்தமாக இருப்பது நன்று.

பிள்ளைக்குச் செய்வதற்கு ஏதேனும் வேலை மிச்சம் வைக்கும் நூலே சிறந்த அறிவு நூல் என்பது இதனால் பெறப்படும். வேலை என்றால் ஒவ்வொரு பாடத்தின் இறுதியிலும் 'கோடிட்ட இடங்களை நிரப்புக' என்று போடுவதன்று. படித்தவுடன் எழுந்து சென்று பார்க்கவோ, தொடவோ, எண்ணவோ, ஐயுறவோ தூண்டுதல்.

இலண்டனில் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்த மைக்கேல் ஃபாரடே, நூல் கட்டும் கடையில் பயிற்சியாளராக இருந்தபோது, கட்டுவதற்கு வந்த நூல்களையே படித்துப் பார்த்தார். ஜேன் மார்செட் என்னும் அம்மையார் எழுதிய வேதியியல் உரையாடல் நூல் அவற்றுள் ஒன்று. ஆசிரியை ஒருவரும் இரு சிறுமியரும் பேசிக்கொள்வதாக அமைந்தது அது. சிறுமியர் குறுக்கே கேட்பர், ஐயுறுவர், சோதனை செய்து பார்ப்பர். ஃபாரடே அதில் கண்டவற்றைத் தம் கைக்கெட்டிய சிறு பொருள்களைக் கொண்டு தாமே செய்து பார்த்தார். நூல் சொன்னபடியே நடந்தது கண்டு அந்நூலை நம்பினார். அவரே பின்னாளில் பேரறிஞராகி, 1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் சிறுவர்க்கென ஆறு சொற்பொழிவுகள் ஆற்றினார். பொருள் ஒரு மெழுகுவர்த்தி! எரியும் மெழுகு எங்கே போகிறது என்ற ஒரே வினாவைப் பற்றிக்கொண்டு வேதியியலின் பெரும்பகுதியைச் சுற்றிவந்தார். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தவுடன் எழும் புகைக்கோட்டில் சற்று எட்டவே தீக்குச்சியைக் காட்டினால், சுடர் அந்தப் புகைவழியே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். பெரியவர் ஒருவர் உடனிருக்க எந்த வீட்டிலும் இதனைச் செய்து காணலாம். அச்சொற்பொழிவுகள் 1861இல் நூலாயின, இன்றும் பதிப்பிக்கப்படுகின்றன. வண்ணப் படங்களால் அது நிலைபெறவில்லை என்பதைப் பதிப்பாளர்கள் நினைவிற் கொள்வது நலம்.

நம் நாட்டிலிருந்தும் ஒன்று சொல்லலாம். 1928ஆம் ஆண்டுக் கோடையில் அலகாபாத்திலிருந்த நேரு, முசௌரியிலிருந்த பத்து வயது மகள் இந்திராவுக்கு எழுதிய கடிதங்கள் அடுத்த ஆண்டே நூலாக வெளிவந்தன. மண்ணும் கல்லுமே நாம் படிக்க வேண்டிய பழைய ஏடுகள் என்று மகளுக்கு உணர்த்துகிறார் தந்தை. ஆற்றங்கரைக் கூழாங்கல் ஒன்று ஒருகாலத்தில் கூர்மையான விளிம்புகளுடன் பாறையில் இருந்தது. நீர் உருட்டி உருட்டி அதனை வழவழப்பாக்கியது என்று அறிந்த பிள்ளை, அதன்பின் எந்த ஆற்றிலும் வெறுங்கையோடு திரும்பாது. அக்கடிதங்களில் இன்றைய ஆய்வு ஏற்காத பகுதிகள் சில உண்டு. ஆயினும் பிள்ளையைத் தாழ்வாக எண்ணாத அந்தக் குரலுக்காகவே அவை படிக்கத்தக்கன.

இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம். பட்டியல் நூல்கள் எவையும் பயனற்றவையா? அப்படி முடிவு கட்டிவிட முடியாது. கும்பகோணத்தில் பள்ளி மாணவராக இருந்த இராமானுஜனின் கைக்கு 1903ஆம் ஆண்டளவில் கார் என்னும் ஆங்கிலேயர் தொகுத்த கணிதச் சுருக்கம் ஒன்று கிடைத்தது. தேர்வுக்கு ஆயத்தம் செய்வோர்க்கென ஆயிரக்கணக்கான தேற்றங்களைப் பெரும்பாலும் நிறுவலின்றி அடுக்கி வைத்த நூல் அது. அதனைச் சுவையான நூல் என்று எந்தத் திறனாய்வாளரும் கூறார். ஆனால் நிறுவல்கள் விடுபட்டிருந்தமையாலேயே அவற்றைத் தாமே நிறுவிப் பார்க்கும் வேலை இராமானுஜனுக்கு வாய்த்தது. வறண்ட நூலும் தக்க பிள்ளையின் கையில் ஊற்றெடுக்கும். எனவே ஒரு பிள்ளை தொடர்வண்டிக் கால அட்டவணையையோ நிலப்பட நூலையோ அகராதியையோ மடியில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் ஆழ்ந்திருந்தால், 'நல்ல புத்தகம் படி' என்று அதைப் பிடுங்கக் கூடாது. வினா-விடை நூலுக்கும் காரின் நூலுக்கும் உள்ள வேறுபாடு இதுவே: ஒன்றில் விடையோடு எல்லாம் முடிந்துவிடுகிறது, மற்றொன்றில் விடைக்குப் பின்னர்த்தான் வேலை தொடங்குகிறது.

மெய்ம்மை என்னும் கடமை

கதை நூலுக்கு இல்லாத ஒரு கடமை அறிவு நூலுக்கு உண்டு. அது சொல்வது மெய்யாக இருத்தல் வேண்டும். பழைய பதிப்புகளையே திரும்பத் திரும்ப அச்சிடும் வழக்கத்தால் பல நூல்களில் பிழைகள் மாறாமல் வாழ்கின்றன. சூரியக் குடும்பத்தில் கோள்கள் ஒன்பது என்று சொல்லும் நூல், 2006இல் பன்னாட்டு வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் என வகைப்படுத்தியதை அறியாதது. நிலவில் நீரே இல்லை என்று சொல்லும் நூல், 2008இல் நம் நாடு செலுத்திய சந்திரயான்-1 கலத்தின் வாயிலாகக் கிடைத்து 2009இல் வெளியிடப்பட்ட சான்றுகளைக் காணாதது. சீனப் பெருஞ்சுவர் நிலவிலிருந்து தெரியும், நெருப்புக்கோழி மணலில் தலையைப் புதைத்துக்கொள்ளும், வௌவாலுக்குக் கண் தெரியாது என்பனவெல்லாம் எக்காலத்தும் மெய்யாக இருந்ததில்லை. நாக்கின் நுனியில் இனிப்பும் அடியில் கசப்பும் மட்டுமே உணரப்படும் என்று படம் போட்டுக் காட்டும் நூல்களும் உள. சிறிது சர்க்கரையை நாக்கின் பல பகுதிகளில் வைத்துப் பார்க்கும் பிள்ளை அந்நூலாசிரியரைப் பொய்யராக்கிவிடும். அங்ஙனம் செய்து பார்க்கும் பிள்ளையைத் தட்டிக்கொடுக்க வேண்டும். நூல் வாங்குவோர் பதிப்பு ஆண்டைப் பார்ப்பதோடு, தமக்கு நன்கு தெரிந்த ஒரு பொருளைப் பற்றி அந்நூல் என்ன சொல்கிறது என்று ஒரு பக்கமேனும் படித்துப் பார்த்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

வாழ்க்கை வரலாறுகளில் இக்கேடு இன்னும் மிகுதி. பெரியோரைப் பிழையற்ற பொம்மைகளாக்கும் ஆர்வத்தில் நடவாதவற்றை நடந்தனவாக எழுதிவிடுகின்றனர். சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டன் தந்தையின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு உண்மையை ஒப்புக்கொண்ட நிகழ்ச்சி உலகெங்கும் பிள்ளைகளுக்குச் சொல்லப்படுகிறது. வாஷிங்டன் மறைந்தபின் மேசன் வீம்ஸ் என்பவர் எழுதிய வரலாற்றின் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில் அது இடம்பெற்றது. அதற்குச் சான்று எதுவும் கிடைக்கவில்லை. வாய்மையைக் கற்பிக்க ஒரு பொய்! நியூட்டனின் தலையில் ஆப்பிள் விழுந்தது என்பதும் இத்தகையதே. ஆப்பிள் விழக் கண்டு சிந்தித்ததாக நியூட்டன் முதுமையில் நண்பர் ஸ்டூக்லியிடம் கூறியது உண்மை. தலையில் விழுந்ததாகக் கூறவில்லை. பிள்ளை வளர்ந்து இவற்றின் பொய்ம்மையை அறியும் நாளில், நாம் கொடுத்த மற்ற நூல்களின் மீதும் அதற்கு ஐயம் தோன்றும். அந்த இழப்பை எந்த நீதியும் ஈடு செய்யாது.

தமிழில் இல்லையா?

'இவையெல்லாம் ஆங்கிலத்தில்தானே உள்ளன?' என்று கேட்போர் தமிழின் கணக்கை அறியாதவர். வழக்கறிஞராக இருந்துகொண்டே பெ. நா. அப்புசாமி (1891-1986) தம் நெடிய வாழ்வின் பெரும்பகுதியை அறிவியலைத் தமிழில் எழுதுவதற்கே அளித்தார். பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் பத்துத் தொகுதிகளில் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை 1968 முதல் 1976 வரை வெளியிட்டது. அதிலுள்ள செய்திகள் சில இன்று பழமைப்பட்டுவிட்டன; ஆனால் குழந்தையிடம் எத்தகைய தமிழில் பேசுவது என்பதை அறிய விரும்புவோர் இன்றும் அதனைப் புரட்டிப் பார்க்கலாம். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' 1987இல் தோன்றியது. மாஸ்கோவிலிருந்து வந்த மொழிபெயர்ப்புகளுள் யா. பெரெல்மானின் 'பொழுதுபோக்கு பௌதிகம்' குறிப்பிடத்தக்கது. 1913இல் ருசிய மொழியில் முதன்முதல் வெளிவந்த அந்நூல், நாம் நாள்தோறும் செய்யும் செயல்களையே புதிராக்கிக் காட்டுவது. நாற்காலியில் முதுகு நிமிர்ந்து அமர்ந்து, கால்களைப் பின்னுக்கு இழுக்காமல், உடலை முன்னே சாய்க்காமல் எழுந்து நிற்க முடியுமா? முயன்று பாருங்கள். இந்த வினாவைக் கேட்டவர் 1942இல், செர்மானியப் படை முற்றுகையிட்டிருந்த லெனின்கிராடில் உயிர் நீத்தார். சோவியத் ஒன்றியமும் 1991இல் மறைந்தது. நூல் நிற்கிறது.

இருப்பினும் குறை இல்லாமலில்லை. இன்று சந்தையில் மலிந்து கிடக்கும் வண்ண நூல்கள் பல, அயல்நாட்டுப் படங்களை வாங்கி அவற்றின் அடியில் உயிரற்ற மொழிபெயர்ப்பை ஒட்டியவை. பனிக்கரடியும் பெங்குவினும் அறிந்த நம் பிள்ளை கீரியையும் உடும்பையும் நூலில் கண்டதில்லை. கலைச்சொற்களால் நூல் கடினமாகிறது என்பார் கூற்றில் எனக்கு உடன்பாடு இல்லை. பொருளைக் காட்டிவிட்டுப் பெயரைச் சொன்னால் எந்தப் பெயரும் கடினமன்று. பெயரை முதலில் சொல்லி வரையறையை மனப்பாடம் செய்யச் சொல்லும்போதே இடர் தொடங்குகிறது. 'ஒளிச்சேர்க்கை' என்னும் சொல்லில் என்ன கடினம் இருக்கிறது?

தேர்ந்த நூல் பிள்ளையின் கையில் சேர்வதற்கும் தடைகள் உண்டு. பல பள்ளிகளில் நூல்கள் அலமாரியில் பூட்டப்பட்டிருக்கின்றன. தொலைந்தால் பொறுப்பாசிரியர் ஈடு செய்ய வேண்டுமே என்னும் அச்சம் அதற்குக் காரணம். கிழிந்த நூலைக் கணக்கிலிருந்து நீக்கும் உரிமையைத் தலைமையாசிரியர் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டாலே பூட்டுகள் பல திறக்கும். வீட்டிலோ வேறொரு பூட்டு. இயந்திரம், விண்வெளி என்றால் மகனுக்கு. சமையல், கைவேலை என்றால் மகளுக்கு என்று பெற்றோரே பிரித்துவிடுகின்றனர். மார்செட் அம்மையாரின் நூலில் வினவியவர்கள் இரு சிறுமியர் என்பதை அவர்களுக்கு யாரேனும் சொல்ல வேண்டும். புத்தகக் கண்காட்சிக்குச் செல்லும்போது பிள்ளையின் கையில் ஒரு சிறு தொகையைக் கொடுத்துவிட்டு விலகி நிற்பது என் பரிந்துரை. அது எடுக்கும் நூல் வயதுக்கு மீறியதாக இருக்கலாம்; படம் பார்த்து மட்டுமே வாங்கியதாக இருக்கலாம். இருக்கட்டும்.

தமிழ் இலக்கியம் பயிலும் நம் மாணவ மாணவியர் பலர் நாளை ஆசிரியராவர். நூல் தேர்வது அவர்களின் முதல் வேலை. நூல் இல்லாத இடத்தில் அதனை எழுதுவதும் அவர்களின் வேலையே. ஆண்டுதோறும் நம் துறைகளில் எழுதப்பெறும் திட்டக் கட்டுரைகளுள் ஒரு சிலவேனும், பத்து வயதுப் பிள்ளைக்கென, தம் ஊரில் உள்ள ஒரு தொழிலைப் பற்றி முப்பத்திரண்டு பக்கங்களில் எழுதப்பட்ட அறிவு நூலாக அமையலாகாதா? நெல்லை மாவட்டத்துப் பத்தமடையில் இலெப்பைக் குடும்பத்தினர் நெய்யும் பாயையே எடுத்துக்கொள்வோம். தாமிரபரணிக் கரைக் கோரை எப்படி வளர்கிறது, அறுத்த கோரையைக் கீறி உலர்த்துவது எவ்வாறு, ஓடும் நீரில் ஊறவைப்பது ஏன், சாயம் எங்ஙனம் ஏறுகிறது, பருத்தி நூல் பாவில் அது பட்டுத் துணிபோல் மடியும் அளவுக்கு எவ்வாறு நுண்மையாக நெய்யப்படுகிறது, ஒரு பாய்க்கு எத்தனை நாள் ஆகிறது, அந்தப் பெண்களுக்கு நாளொன்றுக்கு என்ன கூலி கிடைக்கிறது? இவற்றையெல்லாம் தறியின் அருகே அமர்ந்து கேட்டு எழுத வேண்டும். கூலியைப் பற்றிய பக்கத்தை எந்தக் காரணத்துக்காகவும் விட்டுவிடக் கூடாது; பிள்ளைகள் முதலில் கேட்கப் போவது அதைத்தான்.